வாசிக்காமல் விட்ட பின்பாதி

ஸுலைஹாவின் தம்பி செங்கோட்டையில் இருக்கிறான். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் இருக்கும் எனக்குப் போன் போட்டு, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பான். அன்றும் அதற்குத்தான் என்று நினைத்துக் கேலியாகவே எடுத்தேன். "அக்கா மௌத்தாயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றான். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் கமிட்டியிடம் பேசப் போகிறேன் என்றவள், புதன்கிழமையே போய்விட்டாள்.

எங்கள் கல்லூரியில் அவள் அரபு நடத்தினாள், நான் தமிழ். இஸ்லாமியச் சட்டத்தில் அவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், காணாமல் போன கணவனின் மனைவி. அவள் எழுதுவதற்கெல்லாம் தமிழ் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எதிலும் மறுதரப்பின் வாதத்தைத்தான் முதலில் எழுதுவாள், அதுவும் முழு பலத்தோடு. படித்துவிட்டு நானே கட்சி மாறியதுண்டு. "ஏட்டி ஷமீம், அவங்க வாசிச்சா 'நம்மளவிட நல்லா சொல்லிட்டாளே'ன்னு தோணணும். அதுக்குப் பொறவுதான் நமக்குப் பேச வாய் உண்டு" என்பாள்.

இந்தப் பழக்கம்தான் மும்தாஜின் காலை வாரியது. மும்தாஜ் தென்காசிப் பெண். வளைகுடாவுக்குப் போன கணவனிடமிருந்து ஆறு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லை. தூதரகமும் கையை விரித்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனால் ஊர் ஒப்புக்கொண்டு மறு நிக்காஹ் நடத்த வேண்டுமே. அதனால் ஜமாஅத்தில் மணவிலக்குக் கேட்டாள். கமிட்டியார் ஸுலைஹாவிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு பெண்ணிடம் கேட்கிறார்களே என்று எங்களுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

அவள் வழக்கம்போல எழுதினாள். முன்பாதியில், எங்கள் ஊர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் என்னும் சட்டப் பிரிவின் பழைய நிலை: கணவனின் வயதொத்தவர்கள் இறந்துபோகும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். பின்பாதியில் அவளுடைய முடிவு: மாலிக்கி மத்ஹப் நான்கு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் விடுவிக்கிறது, பிற்கால ஹனஃபி அறிஞர்களே அதை ஏற்றிருக்கிறார்கள், ஆகவே மும்தாஜை விடுவிக்கலாம்.

கூட்டத்தில் செயலாளர் வாசித்தார். முன்பாதி முடியவும் அஸர் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. தொழுகைக்கு எழுந்தவர்கள் திரும்ப வந்து உட்காரவில்லை. "அதான் டீச்சரே காத்திருக்கச் சொல்லிட்டாங்கள்லா" என்று தலைவர் முடித்துவிட்டார்.

அன்று மாலை மும்தாஜ் ஸுலைஹாவின் வாசலில் வந்து நின்றாள். "நீங்களுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். என்ன நடந்தது என்று ஸுலைஹாவுக்குத் தெரியாது. விசாரித்த பிறகுதான் பாங்கு விவரம் வந்தது.

"இனியாவது முடிவை முதல் வரியில் எழுதித் தொலை" என்று நான் சண்டை போட்டேன்.

"அப்படி எழுதுனா மிச்சத்த யாரு வாசிப்பா? நான் சொன்னேன்னு அவள விடக் கூடாது. ஆதாரம் இருக்குன்னு விடணும். இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தர் வந்து மாத்திச் சொல்லிருவாரு" என்றாள்.

அவள் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, தலைவர் வியாபாரமாகக் கேரளா போனார். கடைசியில்தான் அந்த வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார்கள்.

அது இரங்கல் கூட்டமாகிவிட்டது. "மாத்துக் கருத்தையும் மதிச்சு எழுதுறவங்க" என்று தலைவர் புகழ்ந்தார். பெண்கள் பக்கத் திரைக்குள் என் அருகில் இருந்த மும்தாஜ், "அப்போ மிச்சத்தையும் வாசிங்க மாமா" என்றாள்.

"இது அதுக்கு உள்ள நேரமாம்மா?" என்று கேட்டார் அவர். அத்தோடு கூட்டம் கலைந்தது.

ஸுலைஹாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் எழுதும் முறையைத்தான். சண்டை போட்ட நானே அதைக் கைக்கொள்கிறேன். எனவே, அவளை அறிந்த ஊர் ஜமாஅத்தாரே, உங்களிடம் முதலில் கமிட்டியாரின் தரப்பைச் சொல்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாளைக்கே மும்தாஜின் கணவர் கேரள எல்லையில் இருக்கும் புளியறை வழியாக வந்து இறங்கி, 'என் மனைவியை எப்படி இன்னொருவனுக்குக் கட்டிவைத்தீர்கள்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயப்படுகிறார்கள். அவர் எங்காவது சிறையில் கிடக்கலாம். அவருக்கும் உரிமை உண்டு. அந்தப் பயம் நியாயமானது. இதற்கு மேல் வலுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஸுலைஹா.

இனி பின்பாதி. எழுந்து போய்விடாதீர்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. மும்தாஜ் இருக்கிறாள். அவளை விடுவியுங்கள்.