அப்பா வைத்தியராக நின்ற நாள்

அப்பாவின் இறுதிக் கிரியைக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு இரு பக்கமும் இருக்கும் அயலவர்கள் வந்தார்கள். செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் அப்பாவோடு பலகை அறுத்தவர்கள் வேலை உடுப்போடு வந்தார்கள். மெல்பேர்னிலிருந்து மாமா வந்தார். மருத்துவபீட மாணவர்கள் சிலர் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் பின்வரிசையில் நின்றார்கள். வராதவர் ஒருவர்: அப்பாவின் புற்றுநோய் வைத்தியர். மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதை நான் மண்டபத்துக்கு வெளியே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அதைக் கண்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நினைவு மலரிலை இதையெல்லாம் எழுதாதை மருமோன். நல்லதை மட்டும் எழுது" என்றார் மாமா. நான் எழுதப்போவது நல்லதைத்தான்.

அப்பா பிறந்தது பூநகரியில். ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. போரில் வீட்டையும் கூடப்பிறந்த தம்பியையும் இழந்து, படகேறி இந்த நாட்டுக்கு வந்து, முகாமிலிருந்து வெளியே வந்தபின் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டெடுத்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதற்கு அவர் அறுத்த பலகைகள் எத்தனையோ.

அப்பாவைப் பொறுமைசாலி என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அவர் ஆறுதலாக, அவசரப்படாமல் பழிவாங்குகிறவர். தொழிற்சாலையில் சுப்பவைசர் ஒருவன், அப்பாவின் பெயர் நீளம் என்று 'சாம்' என்று கூப்பிட்டான். அப்பா அவனைப் 'பொன்னையா' என்று கூப்பிடத் தொடங்கினார். அது தன் பெயரில்லை என்று அவன் சொன்னபோது, "உங்கடை பேர் எனக்கு வாயிலை வருகுதில்லை" என்று ஆங்கிலத்தில் மிகப் பணிவாகச் சொன்னாராம். அவன் ஓய்வு பெற்றுப் போகும்போது பொன்னையா என்றாலே திரும்பிப் பார்ப்பான்.

நோய் வந்ததும் அப்பாவை வைத்தியசாலையில் சேர்த்தோம். சோதனை முடிவைச் சொல்ல வந்த அந்தப் புற்றுநோய் வைத்தியர் திரைக்கு உள்ளே வரவில்லை. ஒரு கையால் திரைச்சீலையைப் பிடித்தபடி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மிச்சத்தை யாராவது வந்து சொல்வார்கள். இவருக்கு விளங்கப்படுத்துங்கள்." திரை மூடிக்கொண்டது. அன்று ஒருவரும் வரவில்லை.

"விளங்கப்படுத்தாதை தம்பி" என்றார் அப்பா. "எனக்கு விளங்கினது."

சில வாரம் கழித்து ஒரு தாதி வந்து கேட்டார். கடும் நோயாளிகளோடு எப்படிப் பேசுவது என்று மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள், வகுப்புக்கு நோயாளிகள் தேவை, வருவீர்களா என்று. நடத்துபவர் யார் என்று அப்பா கேட்டார். அதே வைத்தியர்.

"ஓம்" என்றார் அப்பா.

"ஏனப்பா உங்களுக்கு இந்த ஆய்க்கினை?"

"எழும்பி நிக்க ஏலுமா இருக்கேக்கை போயிட்டு வருவம்."

தலை தெளிவாக இருக்க வேண்டும் என்று அன்று காலை நோவு மருந்தைக்கூட வேண்டாமென்று விட்டார். சில்லுக் கதிரையில் வைத்து, வார்டைப் போலவே கட்டிலும் திரைச்சீலையும் போட்ட வகுப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வைத்தியர் சிரித்துக் கைகொடுத்துத் தன்னை அறிமுகப்படுத்தினார். "பாத்தியே, ஆளுக்கு என்னைத் தெரியேல்லை" என்றார் அப்பா.

மாணவர்களுக்கு அவர் சொன்னார்: முதலில் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள், நோயாளியின் முகத்தைப் பாருங்கள், அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். எல்லாம் சரியாகத்தான் படிப்பித்தார். அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. எப்படிப் பேசுவது என்று தெரியாத மனிதர் என்றால் மன்னித்திருப்பேன்.

அப்பா கையை உயர்த்தினார். நான் வைத்தியராக நடிக்கட்டுமா, நீங்கள் நோயாளியாகப் படுங்கள் என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். வைத்தியரும் சிரித்துக்கொண்டே சப்பாத்தோடு கட்டிலில் ஏறிப் படுத்தார்.

அப்பா எழுந்தார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். நடந்துபோய்த் திரைச்சீலையைப் பிடித்தார். விழாமல் இருக்க அவருக்கு அது தேவைப்பட்டது. கட்டிலைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் நின்ற மாணவியைப் பார்த்து, அந்த மூன்று வசனங்களையும் அதே ஆங்கிலத்தில், அதே குரலில் சொன்னார். திரையை இழுத்து மூடினார்.

சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: "நான் இப்படிச் சொன்னேனா?"

நான் வாயைத் திறந்தேன். "பதில் சொல்லாதை தம்பி. ஆராவது வந்து சொல்லுவினம்" என்று அப்பா சில்லுக் கதிரையில் சாய்ந்தார். "தள்ளு."

மறுநாள் வைத்தியர் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே இருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கனநேரம் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனார்.

"போயிட்டாரோ?"

"ஓம் அப்பா."

"கதிரையிலை இருந்தவரோ?"

"ஓம்."

"அது காணும் தம்பி, போதும்."

அதன்பின் அப்பா வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். அவர் மன்னிக்கவில்லை. அவருடைய மகனும் மன்னிக்கவில்லை.

சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், அப்பாவின் தலைமாட்டில் இருந்து கதைத்த தாதிக்கும், இதை எழுத வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்த மலரின் அச்சுச் செலவை ஏற்ற மாமாவுக்கும் எங்கள் நன்றி. அந்த வகுப்பு மாணவிக்கும் நன்றி. நாங்கள் வெளியேறியபோது அவர் பின்னால் ஓடிவந்து, வகுப்புக்கு வரும் நோயாளிகளுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் சுப்பர்மார்க்கெட் அன்பளிப்பு அட்டையை, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதில் மாம்பழம் வாங்கி, வார்டு முழுவதற்கும் வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

அந்த வைத்தியரைக் கட்டிலில் படுக்கவைக்கப் பல்கலைக்கழகத்துக்குச் செலவானது அந்த அட்டையிலிருந்த ஐம்பது டொலர்.