கிணற்றுக்குள் போன சப்பாத்து

நான் சப்பாத்து வாங்கியது பயத்தினால். நடப்பதற்காக என்று யாராவது சொன்னால் அது பொய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாதியை வெறுங்காலோடு நடந்து தீர்த்தவன் நான். மயிலிட்டியில் ஒரு பருவம் வலை இழுத்தேன். அது அலுத்தபோது கிணறு வெட்டும் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். அறுபதுகளின் தொடக்கம் அது. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் வந்துகொண்டிருந்ததால் ஊரூராகக் கிணற்றை ஆழமாக்கினார்கள். இரண்டு முழம் மண்ணுக்குக் கீழே எல்லாம் சுண்ணாம்புக்கல். வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும்.

அளவெட்டியில் வேலை செய்தபோது எங்களில் ஒருவனுக்கு உள்ளங்காலில் கல்லுச் சீவல் ஏறியது. சிறிய காயம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தான். எட்டாம் நாள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் எங்களைப் பார்த்தான். ஏற்புவலி, காயத்தால் வந்து தாடையைப் பூட்டிவிடும் நோய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மாட்டு வண்டி கல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. அவனுடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டு போனது நான்தான். இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

அதன்பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. வேலை முடிந்ததும் கால்களைக் கழுவி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். காலையில் எழுந்ததும் வாயை அகலத் திறந்து மூடுவேன். கையில் இருந்த காசோடு யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவுக்கு நடந்து போய், பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் சப்பாத்துக் கேட்டேன்.

அவர் மூன்று சோடி எடுத்துப் போட்டார். ஒன்று கன்வஸ் சப்பாத்து. பிடித்துப் பார்த்தேன், கல்லுக்கு முன்னால் அது கடதாசி. இரண்டாவதற்குக் கார் ரயர் வெட்டி அடி தைத்திருந்தார்கள். அடி நல்லது, மேல்தோல் வெடித்திருந்தது. மூன்றாவது பட்டாளச் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே வரும் தடித்த தோல், அடியில் வரிசையாக இரும்பு ஆணி, குதியில் லாடம். கட்டைவிரலால் முனையை அழுத்தினேன். அமுங்கவில்லை. அந்த இடத்திலேயே என் மனம் முடிவு செய்துவிட்டது.

கடைக்காரர் நேர்மையானவர். சப்பாத்தைப் பின்னேரத்தில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், நடந்து வீங்கின காலுக்குத்தான் சரியான அளவு தெரியும் என்றார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விடச் சொன்னார். குதி மேலே எழும்பக்கூடாது, எழும்பினால் கொப்பளம் போடும் என்றார். எல்லாம் பார்த்தேன். கடைக்கு முன்னால் பத்துத் தரம் நடந்தேன்.

“உந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்கை, சண்டைக்கோ போறாய்?” என்று கேட்டார்.

“கிணறு வெட்ட.”

“அப்ப கிணறுதான் பயப்பட வேணும்.”

சப்பாத்தைப் பழக்குவதற்காக மயிலிட்டிக்கு நடந்து போய், அங்கே பழைய ஆட்களோடு இரண்டு நாள் நின்றுவிட்டு, உரும்பிராய்க்கு நடந்து வந்தேன். முதல் நாள் கொப்பளம் போட்டது. மூன்றாம் நாள் தோல் காலுக்கு இணங்கியது. முள், கல், சுடுமணல் ஒன்றும் தெரியவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு தரையைப் பார்க்காமல் நடந்தேன்.

உரும்பிராயில் எங்கள் ஆட்கள் ஒரு தோட்டக் கிணற்றில் இறங்கியிருந்தார்கள். கங்காணி என்னைக் கண்டதும் கல் அள்ளும் கடகத்தை இறக்கி வைத்தார்.

“மாப்பிள்ளை சப்பாத்தோடை வாறார். பொம்பிளை எங்கை, கிணத்துக்குள்ளையோ?”

எல்லோரும் சிரித்தார்கள். குடிக்கிற கிணறு என்றால் தோல் சப்பாத்தோடு இறங்க வீட்டுக்காரர் விடமாட்டார், இது தோட்டக் கிணறு என்றபடியால் தப்பினாய் என்றும் சொன்னார்.

கயிற்றில் கட்டிய பலகையில் இருத்தி என்னை இறக்கினார்கள். முப்பதடி. கீழே ஊற்று நீர் கணுக்காலுக்கு மேலே நின்றது. மத்தியானம் வரை தண்ணீருக்கு மேலே தெரிந்த பாறையில் மூன்று குழி துளைத்தோம். மற்றவர்கள் மேலே போனார்கள். வெடிமருந்தை இறுக்கி, களிமண் அடைத்து, திரிக்கு நெருப்பு வைப்பது என் வேலை. ஆட்களில் நான்தான் மெலிந்தவன், விரைவாக ஏறுவேன்.

வெடிக்கு முன்னால் கயிறு, பலகை, அலவாங்கு எல்லாவற்றையும் மேலே இழுத்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் கல்லுப்பட்டு நாசமாகும். கிணற்று வாயில் பனங்குற்றி அடுக்கித் தென்னோலை போட்டு, ஒரு ஆள் நுழையும் இடைவெளி மட்டும் விடுவார்கள். பிறகு எல்லோரும் தூரத்து மதிலுக்குப் பின்னால் போய்விடுவார்கள். மூன்று வெடிச் சத்தம் எண்ணும்வரை என்ன நடந்தாலும் ஒருவரும் கிட்ட வரக்கூடாது. நெருப்பு வைத்தவன் கல்லுச் சுவரில் கொத்திய குழிகளில் கால் வைத்து ஏறிவர வேண்டும். அறுபது எண்ணுவதற்குள் நான் ஏறிவிடுவேன்.

மூன்று திரிக்கும் நெருப்பு வைத்தேன். திரியை அளவுக்கு வெட்டிய கத்தியை மடிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து, முதற்குழியில் காலை வைத்தேன். வழுக்கியது.

அந்தக் குழிகள் வெறுங்காலுக்குக் கொத்தியவை. இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான். மற்றதை விரல்கள் பார்த்துக்கொள்ளும். சப்பாத்தின் முனை அதற்குள் போகவில்லை. விளிம்பில் ஆணியை ஊன்றிப் பார்த்தேன். ஈரக்கல்லில் இரும்பு கிறீச்சிட்டது, நான் தண்ணீருக்குள் இருந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி விழுந்தேன். கடைக்கு முன்னால் பத்துத் தரம் நடந்தவன் ஒரு தரம்கூட எதிலும் ஏறிப் பார்க்கவில்லை.

கத்தினேன். எங்களுடைய வழக்கம் எனக்குத் தெரியும். ஒருவரும் வரமாட்டார்கள். ஆனாலும் கத்தினேன். திரிகள் மூன்றும் சீறிக்கொண்டிருந்தன. கிணற்றுக்குள் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

குனிந்து சப்பாத்துக் கயிற்றை இழுத்தேன். காலையில் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன். தண்ணீரில் ஊறி முடிச்சு கல்லாகிவிட்டது. நகம் பிய்ந்தது. அப்போதுதான் கத்தி ஞாபகம் வந்தது. ஒரு காலில் கயிற்றை அறுத்தேன், தோலையும் அறுத்தேன், என் காலையும் சேர்த்து அறுத்தேன். ஒன்று கழன்றது. மற்றதின் கயிற்றையும் அறுத்தேன், அது தண்ணீரில் ஊறிக் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. குந்தியிருந்து, உதைத்து, அழுதுகொண்டு பிடுங்கினேன். எத்தனை எண்ணினேன் என்று தெரியாது. எண்ணுவதையே விட்டிருந்தேன்.

ஏறியது ஞாபகம் இல்லை. பனங்குற்றியில் நெஞ்சு உரசியது ஞாபகம் இருக்கிறது. நான் வெளியே தவழ்ந்து, வரம்பைக் கடந்து வாழைப் பாத்திக்குள் விழுந்தபோது முதல் வெடி கேட்டது. ஓலைகள் மேலே எழும்பின. இரண்டாவது. மூன்றாவது. முதுகில் மண்ணும் பொடிக்கல்லும் கொட்டின. கங்காணி ஓடிவந்து என்னைப் புரட்டினார். அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் காது கொஞ்சம் திறந்தது. நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் பகிடி பண்ணவில்லை. கங்காணி என் காலைத் துணியால் கட்டிக்கொண்டே கேட்டார்.

“கத்தி கையிலை இருந்தது, என்ன?”

“ஓம், அண்ணை.”

“அப்ப திரியை அறுத்திருக்கலாமே. மூண்டு வெட்டு. ஏன் சப்பாத்தை அறுத்தனி?”

திரிகள் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. கத்தி கூர்மையானது. திரி அறுப்பதற்கென்றே எனக்குத் தந்த கத்தி அது. அப்படி ஒரு வழி இருந்தது என்பது அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

“தெரியேல்லை, அண்ணை” என்றேன்.

அடுத்த நாள் கல்லை அள்ளும்போது ஒரு லாடமும் கொஞ்சத் தோலும் வந்தன. அவற்றை அவர் கடகத்தில் போட்டு வரம்புக்கு அப்பால் கொட்டினார்.

அதற்குப் பிறகும் சப்பாத்து வாங்கியிருக்கிறேன், வேலைக்கும் நடைக்கும். கடையில் நடந்து பார்ப்பேன், படியின் விளிம்பில் நுனிக்காலில் நின்று பார்ப்பேன். கடைசியில் குந்தியிருந்து, கயிற்றை இரட்டை முடிச்சாக இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன். பத்து எண்ணுவதற்குள் இரண்டும் கழன்றால்தான் காசு கொடுப்பேன். ஒருமுறை சுன்னாகத்தில் கடையில் நின்ற பெடியன், காலிலை ஏதும் வருத்தமோ அண்ணை என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழு எண்ணியிருந்தேன், இடது கால் சப்பாத்து இன்னும் கழலவில்லை.