சுருட்டாத கம்பளம்

கம்பளக் கட்டின் சணல் கயிற்றை அறுத்ததும் குப்பென்று எழுந்தது அந்துருண்டை வாடை. தோல் கிடங்கின் வாடையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குக்கு அது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி இருக்க, பேகம்பூர் வீட்டு முன்கூடத்தில் நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஐம்பதுகளின் கடைசி; நான் பத்து வயதுச் சிறுமி. பினாங்கில் கடை வைத்திருந்த அண்ணன், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டு, அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், தோல் வியாபாரத்தைப் பார்ப்பதற்காக ஊர் திரும்பியிருந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் "மச்சி" என்போம். மச்சியோடு கப்பலில் ஒரு சோபாவும், முழங்கால் உயரத்துக்கு ஒரு டீ மேசையும் வந்திறங்கின. அவற்றுக்கு அடியில் விரிக்க ஒரு கம்பளம் வேண்டும் என்பதுதான் அவர் எங்களிடம் வாய்திறந்து கேட்ட ஒரே பொருள்.

மதுரையிலிருந்து வந்த கம்பளக்காரர் மூன்றை விரித்துக் காட்டினார். பூப்போட்ட சிவப்பை அம்மா கண்ணாலேயே எடுத்துக்கொண்டார். மச்சியோ டேப்பால் நீளம் அகலம் அளந்து, சோபா உறையை அருகில் வைத்துப் பார்த்து, வெறுங்காலால் இரண்டு நடை நடந்து, பேருக்கு ஒரு பூகூட இல்லாத சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டுகிற நிறத்தைப் போய் யாராவது வாங்குவார்களா என்று அம்மா விழித்தது போதாதென்று, சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும் என்றும் மச்சி சொன்னார்.

"சோபாவ மேல வச்சா எப்புடிம்மா சுருட்டுறது?"

"சுருட்ட மாட்டோம் மாமி. அது அப்படியே கிடக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"எப்பவுமே."

யா அல்லா! அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் ராத்திரி விரித்த பாய் விடியலில் சுருட்டப்பட்டாக வேண்டும். சாப்பிட விரித்த விரிப்பு, சாப்பிட்ட கை காய்வதற்குள் மடிக்கப்பட வேண்டும். "மய்யித்துக்கு விரிச்சது மட்டும்தான் சுருட்டாமக் கிடக்கும்" என்று சாவு வீட்டைச் சொல்வார் அம்மா.

மறுநாள் விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு அம்மா என்னை எழுப்பி, சோபாவை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, கம்பளத்தை உருவிச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டார். ஒன்பது மணிக்கு மச்சி வந்து விரித்தார். இப்படியே பதினைந்து நாள்; இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, என் இடுப்புதான் ஒடிந்தது. மகளைப் பார்க்க அடுத்த மாதம் மச்சியின் அப்பா பினாங்கிலிருந்து வருவதாக இருந்தது. பதினாறாம் நாள் மச்சி அண்ணனிடம், வீடு முழுக்கக் கேட்கும்படி, "ஒரு விரிப்பு விரிக்க இடமில்லாத வீட்டுல நான் இருக்க மாட்டேன். வாப்பா வரட்டும், அவங்களோட பினாங்குக்கே போறேன்" என்று சொல்லிவிட்டார். அத்தா கொதித்துப் போய் அம்மாவைக் கூப்பிட்டார்.

"கடல் தாண்டி வந்த புள்ள. ஒரு கம்பளத்த விட்டுக்குடுக்க மாட்டியா நீயி?"

அம்மா விட்டுக்கொடுத்தார்! எங்களால் நம்பவே முடியவில்லை. "அத யாரும் தொடக்கூடாது" என்று என்னையும் அதட்டி வைத்தார். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து மச்சி போட்ட டீயைக் குடித்தார். மச்சி அம்மாவிடம் குழம்பு, வெஞ்சனம் வைக்கக் கற்றுக்கொண்டார். சிறுமலைப் பக்கம் கறுத்து, ஐப்பசி மழை அடித்துப் பெய்த அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை என்ற பேச்சே இல்லை.

மச்சியின் வாப்பா வருகிற நாளும் வந்தது. அன்று காலையில் தூசி தட்டலாமென்று மச்சி ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துத் தூக்கினோம். கம்பளம் வரவில்லை, கைப்பிடி கம்பளி நூல்தான் பிய்ந்து வந்தது. அடியில், தரை வெடிப்பிலிருந்து கிளம்பிய செம்மண் கோடுகள்; அவற்றுக்கிடையே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது கரையான். சணலால் நெய்த அடிப்பாகம் முழுதும் மண்ணாகிப் போயிருந்தது. மச்சி போட்ட கூச்சலில் அத்தாவும் அண்ணனும் ஓடிவந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். மச்சியும் அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராகித் தலையைக் குனிந்துகொண்டார்.

"மழை விழுந்தா இந்தத் தரையில கரையான் ஏறும்னு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "தெரிஞ்சுதான் விட்டேன். அரிச்சுப் போகட்டும்னுதான் விட்டேன்."

அப்படியானால் அத்தனை நாள் சிரித்துச் சிரித்துக் குடித்த டீ? பெற்ற தாயை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமே, யார் கேட்டார்கள்? அம்மா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

மதியம் ரயிலில் வந்திறங்கிய மச்சியின் வாப்பா, சோபாவில் உட்கார்ந்ததும் வெறுந்தரையைப் பார்த்தார். "கம்பளம் வாங்கினதா எழுதியிருந்தியேம்மா?"

அம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தை போதும், மச்சி அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடலாம்.

"எனக்குப் பிடிக்கலை வாப்பா. எடுத்துட்டேன்" என்றார் மச்சி.

அந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். தோல் கிடங்கும் இல்லை, அத்தாவும் அண்ணனும் இல்லை. என் மகன் வீட்டு டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் வருஷம் முழுக்க விரித்தே கிடக்கிறது. பதறுவதற்கு அங்கே ஆளில்லை. அம்மா மௌத்தாகி நாற்பது வருஷம் ஆகிறது. படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருஷமும் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவர் மச்சிதான். போன நோன்புப் பெருநாளுக்கு மச்சியைப் பார்க்கப் போயிருந்தபோது, எண்பதைத் தாண்டிய அவரிடம், அன்றைக்கு ஏன் வாப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"மாமி வாயத் தெறக்காம இருந்திருந்தா, சந்தேகப்பட்டே அன்னைக்குப் போயிருப்பேன்டி" என்றார். "மூஞ்சிக்கு நேரா இப்புடிச் சொல்ற மனுஷிய விட்டுட்டு எங்க போறது?"