கண்மாயில் முக்கிவைத்த படகு

கோவிலூர் ரோட்டுக்குக் கீழே கண்மாயை மூடி மனை போட்டவர்கள் இப்போது தெருவும் போடுகிறார்கள். தார் கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறியதும், இதே இடத்தில் கோடையில் கவிழ்த்துப் போட்ட மீன்பிடிப் படகின் அடிவயிற்றில் அப்பா சூடாகத் தார் பூசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அப்பா கதவு செய்கிற ஆசாரி. கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்த வருடம் தானே செய்த முதல் படகையும், கதவைப்போலவே எறும்பு நுழையாதபடி பலகையோடு பலகை இறுக்கிவிட்டார். தண்ணீரில் மரம் ஊதி, பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, நடுப்பலகை பிளந்துகொண்டது. அடுத்த படகில் பலகைகளுக்கு நடுவே பருத்திநூல் திணிக்கச் சந்து விட்டார். வருடாவருடம் பழைய நூலைச் சுரண்டி, புதுநூல் திணித்து, தார் பூசி, மழையில் கண்மாய் பெருகியதும் கல்லேற்றிப் படகை முக்கிவைப்பார். கஞ்சி கொண்டுவரும் அம்மாவுக்கு அது பொறுக்காது.

"பாடுபட்டுச் செஞ்சத நீங்களே முக்குறீகளே!"

"இப்ப மரம் குடிச்சு ஊதிக்கிட்டாத்தான் பெறகு உள்ள தண்ணி விடாது. கெடக்கட்டும் விடு."

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். படகு எங்கள் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. காய்ந்து சுருங்கிய பலகைச் சந்துகளில் வெயில் தெரிகிறது. கேட்டால் ரோடு போடுகிறவர்களே ஒரு வாளி தார் தருவார்கள். முக்கிவைக்கத் தண்ணீருக்கு எங்கே போவேன்?