நான் நம்பாத பாட்டில்

எஸ்டேட் மாரியம்மனை நம்பும் என் சொந்தங்களே, இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று அழுதேன். வாய்விட்டே அழுதேன்.

எழுபதுகளின் கடைசி. ஈப்போ பக்கத்து மலைத் தோட்டத்தில் தேயிலைக்கு உரம் போடும் வேலை எனக்கு. இடுப்பில் வலி வெட்டி வெட்டி இழுத்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், "கல்லு இருக்கு. ஒரு நாள் முழுக்கப் போற சிறுநீரைப் பிடிச்சுக் கொண்டா, பாஸ்பரஸ் எவ்வளவு போகுதுன்னு பார்க்கணும்" என்றார். எஸ்டேட் மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் பெரிய பாட்டில் ஒன்று கொடுத்தார். அடியில் தண்ணீர் மாதிரி என்னமோ கிடந்தது.

"இது என்னா டிரஸரே?"

"கெட்டுப்போகாம இருக்க மருந்து. கொட்டிடாத லா!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன மாதம்தான் அவர் தொப்பையைக் கோயில் கூட்டத்தில் கிண்டலடித்திருந்தேன். பழி வாங்குகிறார், அந்தத் தண்ணீர் மேலே பட்டால் சுட்டுவிடும் என்று முடிவு கட்டினேன். கொல்லையில் கிடந்த டின்னை நன்றாகக் கழுவி, அதிலேயே எல்லாவற்றையும் பிடித்தேன். மறுநாள் பாட்டிலில் ஊற்றி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நீட்டினேன்.

அடுத்த வாரம் டாக்டர் முகம் சரியில்லை. "பாஸ்பரஸ் ரொம்ப அதிகம். கழுத்துச் சுரப்பியில கோளாறா இருக்கலாம். மறுபடியும் இப்படியே வந்தா ஈப்போவுல ஆபரேஷன்."

கழுத்தில் கத்தியா! டிரஸர் வேறு யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சந்தேகம். சோதனை பண்ணியவன் தூங்கிவிட்டான் என்று சந்தேகம். என் சம்சாரம் பார்வதி வைத்த ரசத்தைக்கூட அவளை முதலில் குடிக்கச் சொன்னேன். கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டே தூங்கினேன்.

கடைசியில் அம்மன் காலில் விழுந்தேன். "தாயே, கத்தி வராம காப்பாத்து. யார் பண்ணின வேலைன்னு காட்டிக் கொடு." ஆடி வெள்ளிக்குப் பால் அபிஷேகம் நேர்ந்துகொண்டேன்.

அந்த வெள்ளி காலையில் அந்த டின்னின் ஜோடியைக் கழுவி, அதில் பாலை ஊற்றப் போனேன். பார்வதி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"ஏங்க! உரம் அள்ளுற டின்னுலயா அம்மனுக்குப் பால்? எத்தனை தடவ கழுவினாலும் மடிப்புல ஒட்டியிருக்குமே!"

உரம். நான் மலையெல்லாம் தூவுகிற பாஸ்பேட் உரம்! டாக்டர் கண்ட பாஸ்பரஸ் டின்னிலிருந்துதான் வந்திருக்கிறது. யார் என்று கேட்டேன், காட்டிவிட்டாள் தாய். நான்தான்.

பித்தளைச் செம்பில் பால் கொண்டுபோய் ஊற்றினேன். டிரஸரிடம் போய் உண்மையைச் சொன்னேன். தொப்பை குலுங்கச் சிரித்து, வேறு பாட்டில் கொடுத்தார். "இதையாவது நம்புவியாடா?" நம்பினேன். முடிவு வரும்வரை கோயில் வாசலிலேயே கிடந்தேன். பாஸ்பரஸ் சரியாக இருந்தது. கல்லும் பிறகு தானாகப் போய்விட்டது.

இன்றும் கழுத்து கழுத்தாக இருக்கிறது, அவள் தயவு. யார் மேலாவது சந்தேகமா? அவளிடமே கேளுங்கள், பதில் நிச்சயம். ஆனால் அவள் சொல்லும் பேர் உங்கள் பேராகவும் இருக்கலாம். தயாராகப் போங்கள்.