புழக்கடையில் மூன்று கல்

வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வர மடுகரையிலிருந்து செலியமேட்டுக்குப் போயிருந்தேன். தலைப்பிரசவம். சைகோனில் ஒரு ஜப்பானிய வியாபாரியிடம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர் என் மாப்பிள்ளை. புழக்கடையில் தோட்டம் போடுகிறார் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கத்தரியோ வெண்டையோ என்றுதான் நினைத்தேன்.

முருங்கையும் வாழையும் நின்ற இடம் முழுக்க ஆற்று மணல். அதில் சீப்பால் வாரியதுபோல் கோடுகள். நடுவில் மூன்று கற்கள் நிமிர்ந்து நின்றன: பெரியது ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று, பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இன்னொன்று. மாப்பிள்ளை சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து மூன்றின் மேலும் மெதுவாக ஊற்றினார்.

எங்கள் பக்கத்தில் கருமாதிக்குத்தான் கல் நடுவார்கள். குளக்கரையில் நட்டு, செத்தவர் அதில் வந்து நிற்பதாக எண்ணித் தண்ணீர் ஊற்றுவார்கள். அதை வீட்டில் செய்தவரை நான் கண்டதில்லை.

கல் ஏற்றி வந்த வண்டிக்காரர் எங்கள் ஊர்க்காரர். இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, நடுவில் இங்கிலீஷ்காரன் நிலத்தைத் தாண்டித்தான் வண்டி வர வேண்டும். என்னை அழைத்துப்போனதும் அவர் வண்டிதான். அவரைக் கேட்டேன்.

"இங்கிலீஷ்காரன் எல்லையில சுங்கக்காரன் வண்டிய நிறுத்திட்டாம்மா. கல்லைக் கடத்துறவனை இப்பத்தான்டா பாக்குறேன்னு ஒரே சிரிப்பு. கல்லுக்கு அடியில இன்னா வச்சிருக்கேன்னு எல்லாத்தையும் எறக்கிப் பாத்தான்."

"ஒண்ணும் இல்லையா?"

"கல்லுதான்."

ஒன்றும் இல்லை என்றது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சைகோனில் இவருக்கு ஒரு குடும்பம் இருந்து செத்துப்போயிருக்குமோ? புருஷன், பெண்சாதி, பிள்ளை என்று கணக்கு சரியாகத்தானே வருகிறது? இல்லை, இனிமேல் நடக்கப்போவதற்கா? அதை நினைத்ததும் மனதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அங்கே இருந்த நாட்களில் அவரைக் கவனித்தபடியே இருந்தேன். கிணற்றுக்கு நேராகப் போன வழியை மூடிவிட்டு, பாம்பு போல வளைத்து ஒன்று போட்டிருந்தார். கெட்ட காற்று நேர்வழியில்தான் ஓடிவருமாம். அதை ஒரு சீனக்காரர் சொல்லிக்கொடுத்தாராம். நிறைமாதம் நெருங்குகிற பெண் குடத்தோடு சுற்றிக்கொண்டு வர வேண்டும். வளைந்து வரக் காற்றுக்குக் கால் வலிக்குமாம், இவளுக்கு வலிக்காதாம். சாயங்காலமானால் மணலைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த ஜப்பானியர் வீட்டிலும் இப்படித்தான் உட்காருவார்களாம், மனது அடங்குமாம். அவருக்கு அடங்கியது. என் மனது அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஒங்க மாப்பிள்ளை எல்லாரும் உசுரோட இருக்கும்போதே கருமாதியை முடிச்சிட்டாரா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

மாப்பிள்ளையிடம் நான் நேருக்கு நேர் பேசுவதில்லை. மகளிடம் சொல்வதுபோல அவர் காதில் விழப் பேசுவதுதான் வழக்கம். அன்றைக்கு அது மறந்துபோயிற்று.

"யாருக்கு மாப்பிள்ளை இந்தக் கல்லு?"

அவர் விழித்தார். "யாருக்கும் இல்லைங்க அத்தை. கண்ணுக்கு. மலை மாதிரி."

"தண்ணி?"

"பாசி பிடிக்கணும். பிடிச்சா பச்சையா இருக்கும்."

"அந்தச் சின்னது?"

அவர் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அதை நான்தாம்மா வைக்கச் சொன்னேன். ரெண்டு கல்லு நிக்குது, நாங்க ரெண்டு பேரு மாதிரி. பொறக்கப்போறதுக்கும் ஒண்ணு வேணாமா?"

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். பிறக்காத பிள்ளைக்குக் கல் நட்டிருந்தாள். கருமாதிக்குப் பெண்கள் குளக்கரைக்குப் போவதில்லை; நானே பெரியவர்கள் சொல்லித்தான் அறிவேன், அவளுக்கு அதுவும் தெரியாது. நான் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவள் கை வயிற்றின் மேல் போயிற்று. ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

மாப்பிள்ளை இறங்கிப்போய்ச் சின்னக் கல்லை அசைத்துப் பிடுங்கி, மணலில் படுக்க வைத்தார். பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்படி இருந்தாத்தான் நல்லா இருக்கு" என்றார். படித்த மனுஷன், எனக்காக அப்படிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். நான் ஊருக்குப் போனதும் மறுபடி நிமிர்த்திவிடுவார்.

மடுகரையில் ஒரு ராத்திரி மகளுக்கு வலி எடுத்தது, மாப்பிள்ளைக்கு அப்போதே ஆள் அனுப்பினோம். விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி பேச்சைக் குறைத்துவிட்டாள். நான் வாசலுக்கு ஓடி வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "செலியமேட்டுக்குப் போய் அந்தச் சின்னக் கல்லு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க. நின்னா தள்ளிடுங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குப் பேரன் பிறந்தான். கொஞ்சம் தாமதித்துத்தான் அழுதான். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

விளக்கு வைத்த பிறகு வண்டி வந்தது.

"கல்லு படுத்துத்தான் கெடக்குது. ஒங்க மாப்பிள்ளை காலையிலேர்ந்து அது மேலயே குந்திக்கினு இருக்காரும்மா. வாங்க, வண்டியில ஏறுங்கன்னேன். நான் எழுந்தா யாருனா அத நிமித்தி வச்சிடுவாங்க, நீ போய்ச் சேதி கொண்டா, அப்புறம் எழுந்துக்கறேன்றாரு."

அவர் மாட்டை அவிழ்க்கப் போனார். "அவிழ்க்காதீங்க" என்றேன்.