ஜுபைர் பாயின் ஆறு பாத்தி

சால்வைக்குள் வரும் அட்டையைத் திருப்பி வைத்து, ஜுபைர் ஆறாவது பாத்திக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு குடும்பம் குளிரில் வெடவெடத்தபடி ஸ்வெட்டர் விலை கேட்கிறது. "எடுத்துப் போட்டுப் பாருங்க," என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டு, பீன்ஸுக்கும் பூண்டுக்கும் நடுவே நடக்க எத்தனை அடி விடலாம் என்று யோசிக்கிறார்.

கொடைக்கானல் பஜாரில் முப்பது வருடமாகக் கம்பளிக்கடை. வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் மண். கார்த்திகை வந்தால் அடுத்த வருடத் தோட்டத்துக்குத் திட்டம் ரெடி. திட்டத்தில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை. விளைச்சலைப் பற்றித்தான் பேச்சு.

போன தடவை காட்டுமாட்டுக்காக வேலியோரம் முட்டைக்கோஸ் நட்டார். "வாசல்லயே பசியாறிட்டா அது எதுக்குங்க உள்ள வரப்போகுது?" காட்டுமாடு வந்தது, பசியாறியது, மறுநாள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. கேரட்டை மட்டும் தொடவில்லை. அதை ஜுபைரே பார்த்துக்கொண்டார். தினமும் வெள்ளனே எழுந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பருத்திருக்கிறதா என்று பார்த்து, அதே குழியில் செருகி மண்ணைத் தட்டிவிடுவார். போட்டுப் பார்க்காமல் யாரும் எதையும் வாங்காத தொழில் அவருடையது. ஒரு கேரட்டும் சுண்டுவிரலைத் தாண்டவில்லை.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகை ரூம் கட்ட அவர் மனைவி சமீஹாவுக்கு அந்த இடம் வேண்டும். போன வருடமே கெடு வைத்துவிட்டார். "வர்ற நோன்புக் கஞ்சியில உங்க கேரட் ஒண்ணாச்சும் கெடக்கணும். இல்லேன்னா அங்க ரூமு போட்டுருவேன், ஆமா."

நோன்பு வந்தது. கஞ்சியில் கிடந்தது ஒட்டன்சத்திரம் மார்க்கெட் கேரட். ஜுபைர் இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை.

நாளைக்குக் கொத்தனார் வருகிறார் என்பது அட்டையில் கோடு போடும்போதே அவருக்குத் தெரியும். அதற்காகக் கார்த்திகையைச் சும்மா விட முடியுமா? ஆறு பாத்திக்கும் பெயர் எழுதி, அட்டையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் கொத்தனார் வேலுச்சாமி டேப்பின் ஒரு நுனியை அவரிடம் நீட்டினார். "அந்தக் கடைசி வேலிக்கல்லோட ஒட்டிப் புடிங்க பாய்."

ஜுபைர் வாங்கிக்கொண்டு போனார். கல்லுக்கு மூன்றடி முன்னாலேயே குத்தவைத்து உட்கார்ந்து, நுனியை மண்ணில் அழுத்திப் பிடித்தார்.

"ஒட்டியிருக்கா பாய்?" வீட்டுச் சுவரோரம் குனிந்து டேப்பில் அளவைப் பார்த்துக்கொண்டிருந்த வேலுச்சாமி கேட்டார்.

"ஒட்டித்தாங்க இருக்கு."

சமையலறை ஜன்னலில் நின்ற சமீஹா வேலிக்கல்லைப் பார்த்தார். கணவரின் கையைப் பார்த்தார்.

"வெரசா அளவ எழுதிக்கிட்டு வாங்கண்ணே," என்று வேலுச்சாமியைக் கூப்பிட்டார். "டீ ஆறிப்போகுது."